மறு: வெளிநாட்டுப் பணம் திரும்பினால் – மூன்று நிலைக்கும் ஒரே சொல்லா?

அனைவருக்கும் வணக்கம். நம் கணக்கு மென்பொருளின் தமிழாக்கத்தில், வெளிநாட்டுக்கு அனுப்புகிற பணம் இங்கேயே நிற்பது, போய்த் திரும்புவது, அனுப்பியவரே திரும்பக் கேட்பது என்ற மூன்று நிலைக்கும் என்ன சொல் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> மூன்றையும் ‘நிராகரிப்பு’ என்றே போட்டுவிடலாமே, எதற்கு இத்தனை சொல்?

ஐயா, திரையில் இடம் மிச்சமாகும், அது சரி. ஆனால் மதுரையில் கப்பலூர்ப் பட்டறைகளுக்கும் கீழவாசல் கடைகளுக்கும் கணக்குப் பார்க்கிற எனக்கு அந்த ஒரு சொல்லை வைத்து வேலை ஓடாது. மென்பொருளில் சிவப்பில் ‘நிராகரிப்பு’ என்று வந்ததும் முதலாளி கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “அப்ப என் காசு இப்ப எங்க இருக்கு?” திரையில் இருக்கிற சொல்லைப் பார்த்தே அவருக்கு அது தெரிந்துவிட வேண்டும்.

ஒரு ரப்பர் பட்டறைக்காரர் ஜெர்மனியில் வாங்கிய ரசாயனத்துக்கு யூரோவில் பணம் அனுப்புகிறார் என்று வையுங்கள். ஐபேன் எண்ணில், அதாவது அந்த நாட்டு வங்கிக் கணக்கின் சர்வதேச எண்ணில், ஒரு இலக்கம் மாறிவிட்டது. அந்த எண்ணுக்குள்ளேயே சரிபார்ப்பு இலக்கங்கள் இரண்டு இருப்பதால் வங்கியின் கணினி பிடித்துக்கொள்ளும், ஆணை அங்கேயே நின்றுவிடும். பணம் வங்கியை விட்டு நகரவே இல்லை. இதற்கு ‘நிராகரிப்பு’ கச்சிதமான சொல், தாராளமாக வைத்துக்கொள்வோம். வடமொழி என்று ஒதுக்கி ‘ஏலா ஆணை’ போடச் சொன்ன நண்பர் மன்னிக்கணும், அதைப் படிக்கிறவர் ஏதோ ஏலம் போகிறது என்று நினைத்துக்கொள்வார்.

இரண்டாவது நிலைதான் வில்லங்கம். எண் சரியாகவே இருக்கிறது, ஆனால் அந்தக் கணக்கை மூடிவிட்டார்கள். பணம் இங்கிருந்து கிளம்பி, இடை வங்கி வழியாகப் போய், அந்த ஊர் வங்கியில் வரவு வைக்க முடியாமல் திரும்பி வருகிறது. வங்கிகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்கிற மின் செய்திகளில் போனது பேக்ஸ்.008 என்ற செய்தி, திரும்புவது பேக்ஸ்.004 என்ற வேறொரு செய்தி. எம்.டி.103 என்ற பழைய செய்தி வடிவக் காலத்திலேயே நிராகரிப்புக்கும் இப்படித் திரும்புவதற்கும் 72ஆம் புலத்தில் தனித்தனிக் குறிகள் இருந்தன, ஆகவே இந்தப் பிரிவினை நாம் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. 5,000 யூரோ போனது 4,960 ஆகத் திரும்பலாம், ஏனென்றால் வழியில் இருக்கிற வங்கிகள் கட்டணம் பிடிப்பார்கள். அனுப்பும்போது வங்கி யூரோவை நமக்கு விற்கிற விலை, திரும்பும்போது நம்மிடம் வாங்குகிற விலை, நடுவில் சந்தை ஏறி இறங்கியது தனி. ஆக பேரேட்டில் கட்டணத்துக்கு ஒரு பதிவு, மாற்று விலை வித்தியாசத்துக்கு ஒரு பதிவு போட்டு, சப்ளையர் பாக்கியை மறுபடி உயிர்ப்பிக்க வேண்டும். அதோடு முடிந்ததா? ரிசர்வ் வங்கியின் ஐடிபிஎம்எஸ்ஸில், அதாவது இறக்குமதிக் கணக்கைக் கண்காணிக்கிற அமைப்பில், பணம் வெளியே போனதாகப் பதிவு இருக்கும், அதற்கு ஈடான சரக்கு ஆவணம் இருக்காது. வங்கியில் சொல்லி நேர் செய்யாவிட்டால் அது நிலுவையாகவே நிற்கும். இதையும் ‘நிராகரிப்பு’ என்றால் குமாஸ்தா பேசாமல் பழைய பதிவை அழித்துவிட்டுப் போய்விடுவார்.

இதற்கு நான் முன்வைப்பது ‘திரும்புவரவு’. அனுப்பியவர் கணக்கில் இது வரவாகத்தான் விழுகிறது, போனதுதான் வந்தது என்பதும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

> ‘மீள்செலுத்தல்’ என்று ஏற்கெனவே இருக்கிறதே

இருக்கிறது அம்மா, ஆனால் அது விற்றவர் தன் விருப்பத்தில் பணத்தைத் திருப்பித் தருவதற்கான சொல், அங்கே புதிதாக ஒரு பணம் புறப்படுகிறது. திரும்புவரவில் பெறுநர் கைக்குப் பணம் போகவே இல்லை. போன பணத்தின் யூஇடிஆர் எண்ணை, அதாவது அந்த 36 எழுத்து அடையாளத்தை, திரும்பி வருகிற செய்தியும் சுமந்துகொண்டே வரும். அதை வைத்துத்தான் மென்பொருள் பழைய பதிவோடு இணைக்கப் போகிறது. கடன் கட்டுவதற்கும் ‘மீள்செலுத்தல்’ என்கிறார்கள், குழப்பம் போதும்.

பவுன்ஸ் என்பதைத் தமிழாக்கி ‘துள்ளல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அலங்காநல்லூருக்குப் பொருந்தும். விளையாட்டு ஒருபுறம் இருக்க, நம் பக்கம் செக் பவுன்ஸ் என்றால் கணக்கில் காசில்லை, 138ஆம் பிரிவில் கேஸ் வரும் என்றுதான் ஊர் நினைக்கும். இங்கே அனுப்பியவர் காசு முழுசாக இருந்தது, தப்பு முகவரியில். அவரைக் கடன்காரர் போலக் காட்டுகிற சொல் கூடவே கூடாது.

மூன்றாவது, அனுப்பியவரே ‘ஐயையோ, தப்பான இடத்துக்குப் போட்டுவிட்டேன்’ என்று வங்கி மூலம் கேட்பது. கேம்ட்.056 என்ற செய்தி போகும், கேம்ட்.029இல் பதில் வரும். பெறுநர் கணக்கில் வரவு வைத்தாகிவிட்டால் அவர் சம்மதித்தால்தான் பணம் வரும். அதனால் ‘மீட்பு’ என்ற சொல்லை எதிர்க்கிறேன், கேட்டாலே கிடைத்துவிட்டதாகத் தொனிக்கிறது. ‘திரும்பக் கோரல்’ போதும்.

பணம் ஏன் நின்றது, ஏன் திரும்பியது என்று வங்கிச் செய்தியில் வருகிற காரணக் குறிகளுக்கு நீட்டி முழக்க வேண்டாம். ஏசி01 ‘கணக்கு எண் தவறு’, ஏசி04 ‘கணக்கு மூடப்பட்டது’. ஆர்ஆர்04க்கு மட்டும் ‘சட்டவிதிக் காரணம்’ என்று போட்டிருக்கிறேன், திருப்தி இல்லை. வங்கிகள் அதற்குமேல் விவரம் தராமல் கைவிரிக்கிற இடம் அது. 2026 நவம்பரிலிருந்து பணம் அனுப்பும் செய்தியில் முகவரியை ஒரே மூட்டையாகத் தர முடியாது, ஊரும் நாடும் தனித்தனிப் புலத்தில் இருந்தாக வேண்டும் என்பதால் அங்கேயும் ஆணைகள் சிக்கும், அதற்கான பிழைச்செய்தியையும் யாராவது எழுதித் தந்தால் நல்லது.

‘திரும்பக் கோரல்’ கைபேசிப் பொத்தானில் இரண்டு வரியாக மடிகிறது. சின்னதாக வேறு சொல் இருந்தால் ஞாயிறு இரவுக்குள் சொல்லுங்கள், இல்லையென்றால் திங்கள் காலை இதையே கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.