ஒரு நீண்ட வினையடையைச் சொல்லப் பழகிய அனுபவம்

குழந்தை நல மருத்துவத்தில் பட்டமேற்படிப்பின் முதல் ஆண்டில், பிறந்து இரண்டு நாளே ஆன ஒரு குழந்தையின் நிலையைக் காலைக் கூட்டத்தில் நான் எடுத்துரைக்க வேண்டியிருந்தது. வலிப்பை அடக்கும் மருந்தான ஃபீனோபார்பிட்டால் கொடுத்ததும் கைகால் வெட்டி இழுப்பது நின்றுவிட்டது, ஆனால் மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி.யில் வலிப்பு தொடர்ந்தது. பச்சிளங்குழந்தைகளிடம் இவ்வாறு நேர்வதுண்டு. ஆகவே நான் சொல்லவேண்டிய செய்தி முழுவதும் 'எலெக்ட்ரோஎன்செஃபலோகிராஃபிக்கலி', அதாவது 'மூளையின் மின்பதிவின்படி', என்ற ஒரே ஆங்கில வினையடையில் அடங்கியிருந்தது. தமிழ்ச் சொல்லைப்போல் எல்லா அசைகளையும் ஒரே எடையில் சொல்லத் தொடங்கி, 'செஃப்' என்ற இடத்தில் அழுத்தி, மேலே செல்ல முடியாமல் நின்றுவிட்டேன். வலிப்பே அடங்கிவிட்டது என்று சிலர் புரிந்துகொண்டார்கள்.

கூட்டம் முடிந்தபின் எங்கள் பேராசிரியை அச்சொல்லைப் பலகையில் எழுதிப் பிரித்துக் காட்டினார். தேய்த்தால் துரும்பை ஈர்க்கும் அம்பர் என்ற கெட்டிப்பட்ட மரப்பிசினுக்குக் கிரேக்கர் வழங்கிய பெயரிலிருந்து மின்சாரத்தைக் குறிக்கும் 'எலெக்ட்ரோ' வந்தது. 'என்செஃபலோ' என்பது 'தலைக்குள் இருப்பது', அதாவது மூளை; 'கிராஃப்' என்பது எழுதுதல். யேனா நகரில் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவுசெய்த ஹான்ஸ் பெர்கர், 1929இல் வெளியிட்ட கட்டுரையில் இதே வேர்களைக் கொண்டுதான் அப்பதிவுக்கு ஜெர்மன் மொழியில் பெயரிட்டார். இறுதியில் உள்ள 'இக்', 'அல்', 'லி' ஆகியவை விகுதிகள். ஆங்கிலத்தில் எழுதினால் 27 எழுத்துகள், 11 அசைகள். பேச்சில் 'அல்' பெரும்பாலும் கரைந்து 10 அசைகளே ஒலிக்கின்றன.

எனக்கு உண்மையில் உதவியது அழுத்த விதிதான். 'இக்' விகுதி தனக்கு முந்தைய அசைக்கு அழுத்தத்தை இழுத்துக்கொள்ளும். 'ஃபோட்டோகிராஃப்' முதல் அசையிலும், 'ஃபோட்டோகிராஃபி' இரண்டாம் அசையிலும், 'ஃபோட்டோகிராஃபிக்' மூன்றாம் அசையிலும் அழுத்தம் பெறுவதை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிப் பார்த்தால் இது விளங்கும். நான் 'செஃப்'பில் அழுத்தியது 'என்செஃபலோகிராம்' என்ற பெயர்ச்சொல்லின் பழக்கத்தால் நேர்ந்தது. வினையடையிலோ முதன்மை அழுத்தம் 'கிராஃப்' மேல் விழவேண்டும். 'கிராஃபிக்லி', 'என்செஃபலோகிராஃபிக்லி' எனக் கடைசியிலிருந்து முன்னோக்கிச் சேர்த்துப் பழகியபோது அன்று மாலைக்குள் சொல் நாவில் நின்றது.

அன்று இரவு அக்குழந்தையின் தாயிடம் பேசும்போது அந்த நீண்ட சொல் தேவைப்படவில்லை. 'அசைவு நின்றிருக்கிறது அம்மா, ஆனால் பதிவில் வலிப்பு இன்னும் தெரிகிறது' என்றேன். மூன்று விகுதிகள் சேர்ந்து அங்கே செய்த வேலையை 'பதிவில்' என்பதன் 'இல்' உருபு ஒன்றே செய்தது. அவர் உடனே, 'அப்படியானால் மருந்து இன்னும் வேண்டுமா?' என்று கேட்டார்.