பொருள்: பினோ நுவார் பாடக்குறிப்பு – 'ஃபினிஷ்' என்பதற்குத் தமிழில் என்ன?

கோயம்புத்தூரிலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம். உணவக மேலாண்மை படிக்கிற பிள்ளைகளுக்கு வைன் சுவைப்பது பற்றித் தமிழில் பாடக்குறிப்பு எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். வாயைத் துவர்க்கவைக்கும் டானின் என்ற பொருள் வந்த இடத்தில் துவர்ப்பு என்று எழுதிவிட்டேன். துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக வைத்த மொழி நமது. பாக்கு கடித்த பிள்ளைக்கு அதை விளக்கவே வேண்டாம். இடறியது 'ஃபினிஷ்'தான், விழுங்கிய பிறகும் வாயில் நிற்கும் சுவை.

நியூசிலாந்தின் சென்ட்ரல் ஒடாகோவில் ஓர் அறுவடைக் காலம் வேலை பார்த்தேன். 45 பாகை தெற்கு. பகலில் வெயில் சுடும், இரவில் மலைக்குளிர் இறங்கிவிடும். அந்தக் குளிரால்தான் பழம் இனித்த பிறகும் புளிப்பு நிற்கிறது. பினோ நுவார் என்ற கருந்திராட்சைக்குத் தோல் மெல்லிசு. நிறமும் துவர்ப்பும் குறைவு. கிண்ணத்தைச் சாய்த்துப் பிடித்தால் அடியில் இருக்கும் தாளின் எழுத்து தெரியும். ஒரு மடக்கு குடித்தால் முதலில் செர்ரி. விழுங்கிய பிறகு மழை நனைத்த மண், காய்ந்த இலை, அந்த மலைச்சரிவில் தானாக வளரும் தைம் செடியின் வாசம். நாக்கின் ஓரங்களில் நீர் ஊறிக்கொண்டே இருக்கும். எண்ணிப் பார்த்தேன், 12 நொடி. அந்த 12 நொடிக்கு ஒரு சொல் வேண்டும். 'முடிவு' என்று எழுத மனம் வரவில்லை. அங்கே எதுவும் முடியவில்லையே.

திருச்சியிலிருந்து:

பின்சுவை. நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் இனிக்கிறதே, அதுதான். யாருக்கும் புரியும்.

தஞ்சாவூரிலிருந்து:

தம்பி, 'பின்' என்பது எப்போது என்று சொல்கிறது. எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை. என் பரிந்துரை 'சுவையெச்சம்', வினையெச்சம் போல. 'வந்து' என்று ஒருவர் நிறுத்தினால் அடுத்த வினைக்குக் காது காத்திருக்கிறது அல்லவா? நல்ல மடக்கும் அடுத்த மடக்குக்காக அப்படியே காத்திருக்கும்.

இன்னொன்று. 'வைன்' எதற்கு? புறநானூறு 56இல் நக்கீரர் 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' என்கிறார். தேறுதல் என்றால் தெளிதல். வண்டல் இறங்கித் தெளிந்தது தேறல். குளிர்நிலத்துப் பினோவுக்குத் 'தண்கமழ்' என்பதைவிடப் பொருத்தமான அடைமொழி வேண்டுமா? 2,000 ஆண்டுப் பழக்கமுள்ள சொல்லைப் பரணில் போட்டுவிட்டுக் கடன் வாங்குகிறோம். எனக்கு இது வருத்தம்.

சென்னையிலிருந்து:

ஐயா, தேறல் அழகான சொல்தான். ஆனால் அந்தப் புறநானூற்றுப் பாடலில் குளிர்வது மணம். கொடி வளர்ந்த ஊர் அல்ல. யவனர் கொண்டுவந்தது நடுநிலக்கடல் வெயிலில் விளைந்தது. பிள்ளைகளுக்குத் தேறுவது என்றால் தேர்வு. எச்சம் என்றதும் காக்கை நினைவுதான் வரும். பக்கத்திலேயே எச்சில் வேறு நிற்கிறது. மேசையில் பரிமாறப் போகிறவர்கள் அந்தச் சொல்லை விருந்தினர் முன் சொல்லவேண்டும். வைன் வைனாகவே இருக்கட்டும்.

பாரிசிலிருந்து:

பிரெஞ்சில் இந்த நீளத்துக்கு அலகே இருக்கிறது: கோதாலி. ஒரு கோதாலி ஒரு நொடி. 'கௌதா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, வால் என்று பொருள். ஆகவே 'வால்சுவை' என்று ஏன் சொல்லக்கூடாது? குறளின் 'வாலறிவன்' தூய அறிவுடையவன். நீண்டு வருவதும் வால், தூயதும் வால். பினோ என்ற பெயரும் இப்படி உருவத்தில் பிறந்ததுதான்: கொத்து பைன் காய்போல் நெருக்கமாக இருப்பதால் வந்தது என்பார்கள். பிரான்சின் பர்கண்டியில் இந்தத் திராட்சைக்காக 1395இல் பிலிப் கோமகன் காமே என்ற வேறொரு திராட்சையின் கொடிகளைப் பிடுங்கச் சொன்னார்…

சென்னையிலிருந்து:

அண்ணா, காமேயை இன்னொரு நாள் பேசுவோம். திங்கட்கிழமை அச்சு.

யாழ்ப்பாணத்திலிருந்து:

நான் 'ஊறுசுவை' என்பேன். கோவைத் தம்பியே எழுதிவிட்டார், 'நீர் ஊறிக்கொண்டே இருக்கும்' என்று. குளிர்நிலப் புளிப்பு செய்கிற வேலை அது. ஊறிய, ஊறுகிற, ஊறும் சுவை: வினைத்தொகை மூன்று காலத்தையும் சுமக்கிறது, தஞ்சாவூர் ஐயா கேட்ட நேரமும் அதற்குள்ளே வந்துவிட்டது. 'சுவைஒளி ஊறுஓசை நாற்றம்' என்ற குறளில் ஊறு தொடுவுணர்வு. டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் நாக்கு சொரசொரக்கிறது, அதுவும் தொடுவுணர்வுதானே. இரண்டும் ஒரே சொல்லில் இருக்கின்றன.

தஞ்சாவூரிலிருந்து:

படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். ஆனாலும் இரண்டும் ஒரே சொல் இல்லை. தொடுவுணர்வான ஊறு 'உறு' என்பதிலிருந்து நீண்டது. பெறு பேறு ஆனதுபோல, கெடு கேடு ஆனதுபோல. நீர் ஊறுவது தனி வினை. வேரைக் குழப்பாமல் ஊறுதலை மட்டும் வைத்துக்கொண்டால் எனக்கு மறுப்பில்லை. எச்சத்தை விட்டுவிடுகிறேன். தேறலை விடமாட்டேன்.

திருச்சியிலிருந்து:

ஊறுகாய்தான் நினைவுக்கு வருகிறது. பின்சுவையே போதும்.

கோயம்புத்தூரிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை நான்கு பிள்ளைகளிடம் சொற்களைக் காட்டினேன். மூன்று பேர் பின்சுவை என்றார்கள். ஒரு பெண் மட்டும் ஊறுசுவை என்று சொல்லிப் பார்த்து, புளியங்காய் தின்றவள்போல எச்சில் விழுங்கினாள். நேரம் இல்லை, அட்டவணையில் 'பின்சுவை: 12 நொடி' என்றே போகிறது. கிண்ணத்தை 13 முதல் 16 பாகை செல்சியசில் வைக்கச் சொல்லும் பத்தியில், தலைப்பு 'தண்கமழ்' என்று வைத்திருக்கிறேன் ஐயா.

யாழ்ப்பாணத்திலிருந்து:

சரி. அடுத்த பதிப்பு எப்போது? அந்தப் பிள்ளை விழுங்கியதைப் பின்சுவை என்று என்னால் சொல்ல முடியவில்லை.