இன்டர்லாக்: 'இடைப்பூட்டு' போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

துகள்முடுக்கிக் கூடங்களில் சோதனைகளைப் பாதுகாப்பாக நடத்துவது பற்றி நம் மாவட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதும் கையேட்டில் ஒரு சொல் இன்னும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. கற்றை (முடுக்கியில் பாயும் துகள்களின் ஓட்டம்), கதிரளவி, பணி அனுமதிச் சீட்டு இவற்றில் யாருக்கும் சண்டை இல்லை. 'இன்டர்லாக்' மட்டும்தான் பாக்கி. ஒரு நிபந்தனை நிறைவேறாதவரை அடுத்த செயலைத் தானாகத் தடுத்துவிடும் அமைப்பு அது. பரமக்குடி ஐயா தந்த 'இடைப்பூட்டு' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதற்கும் எதற்கும் இடையில் என்று ஒரு பிள்ளை கேட்டால் அந்தச் சொல்லில் பதில் இல்லை.

நம் கடற்கரையிலேயே பார்ப்போம். புயல் சின்னம் உருவானால் பாம்பனில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். அது சேதி சொல்லும், அவ்வளவுதான். அடுத்து மீன்வளத்துறை விசைப்படகுகளுக்கு டோக்கன் கொடுப்பதை நிறுத்தும். அது அனுமதி, மீற நினைப்பவன் மீறலாம். மூன்றாவது, ரயில் பாலம். பழைய பாம்பன் பாலத்தில் காற்றுவேகமானியை சிக்னலோடு சேர்த்திருந்தார்கள். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்புக்குப் போய்விடும். யாரும் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டாம், யாரிடமும் கெஞ்சவும் முடியாது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி பாசஞ்சரைக் கடல் கொண்டுபோன கரையில் இதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆய்வுக்கூடத்திலும் இந்த மூன்றும் தனித்தனியே உண்டு. ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் வளையச் சுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காந்தங்களைக் குளிர்விக்கும் திரவ ஹீலியம் கசிந்து ஆவியானால் அங்கே மூச்சுவிடும் காற்றில் ஆக்சிஜன் குறையும். அதற்கு அலறும் கருவிகள் இருக்கின்றன. அது கூண்டு. வேலை தொடங்குமுன் வாங்கும் அனுமதி, டோக்கன். இன்டர்லாக் வேறு. உள்ளே போகும் ஒவ்வொருவரும் வாயிலில் ஒரு சாவியை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அத்தனை சாவியும் திரும்பி வந்து தத்தம் இடத்தில் உட்காரும்வரை கற்றையை ஏற்ற முடியாது. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் எவ்வளவு பெரிய விஞ்ஞானி என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. உள்ளே இருப்பவரின் சட்டைப்பையில் கிடக்கும் சாவிதான் அவர் உயிருக்குப் பிணை.

ஆகவே 'பிணைப்பூட்டு' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. ஒன்றோடு ஒன்றைப் பிணைத்தல் என்ற பொருளும் இருக்கிறது, ஈடு நிற்றல் என்ற பொருளும் இருக்கிறது.

– மண்டபத்திலிருந்து

*

ஐயா, நான் இராமநாதபுரத்தில் வழக்கறிஞர் அலுவலகத்தில் இருக்கிறேன். எங்களுக்குப் பிணை என்றால் ஜாமீன். 'பிணைப்பூட்டு திறந்தது' என்று எழுதினால் யாரோ வெளியே வந்துவிட்டான் என்றுதான் எங்கள் ஆட்கள் படிப்பார்கள். அப்புறம் இலக்கணம். பிணை + பூட்டு என்று நீங்கள் சேர்க்கிறீர்கள். பிணைப்பு + ஊட்டு என்று பிரித்தாலும் அதே வடிவம்தானே வருகிறது? பாலூட்டு, உணர்வூட்டு மாதிரி பிணைப்பை ஊட்டுகிறார்களா என்று ஒருவர் கேட்டால் என்ன செய்வது? வேதியியல்காரர்களும் பிணைப்பை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். எனக்கு இடைப்பூட்டே போதும்.

– இராமநாதபுரம்

*

தம்பிகளா, ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் எழுதுகிறேன். பாம்பன் உதாரணம் நல்லதுதான், ஆனால் அதில் பாதிதான் இன்டர்லாக். காற்று சிக்னலைப் பிடிக்கிறது, சரி. சிவப்பைப் பார்த்து வண்டியை நிறுத்துவது ஓட்டுநர்தானே? முழு இன்டர்லாக்கைப் பார்க்க வேண்டுமானால் சிக்னல்களைக் கையால் இழுத்து இயக்கும் பழைய லீவர் கேபினுக்குப் போங்கள். பாயின்ட் (தண்டவாளம் பிரியும் இடம்) சரியாக விழாத பாதைக்கு சிக்னல் லீவரை இழுத்தால் வராது. பலசாலியாக இருந்தாலும் வராது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்திலும் தூக்குப் பகுதியை ரயில் கட்டுப்பாட்டோடு இப்படித்தான் சேர்த்திருக்கிறார்கள்.

இன்னொன்று. கையேட்டில் இதையும் சேருங்கள்: கம்பி அறுந்தால் கைகாட்டி 'போ' என்று காட்டக்கூடாது. எடைக்கட்டை இழுத்து அது 'நில்' என்ற நிலைக்கு வந்துவிட வேண்டும். உங்கள் ஆய்வுக்கூடத்திலும் ஒயர் அறுந்தால் கற்றை நிற்க வேண்டுமே தவிர ஓடக்கூடாது. அப்படி இல்லாவிட்டால் அதற்கு என்ன பெயர் வைத்தும் பிரயோசனம் இல்லை. பெயரைப் பற்றி எனக்குப் பிடிவாதம் கிடையாது. நாங்கள் பணிக்காலம் முழுக்க இன்டர்லாக்கிங் என்றே சொல்லிவிட்டோம்.

– இராமேசுவரம்

*

அண்ணா, கம்பி அறுந்தால் நிற்பதைத் தனிப் பத்தியாகவே எழுதிவிடுகிறேன். லீவர் கேபினும் உள்ளே வரும்.

ஜாமீன் சிக்கலைப் பற்றி: கூடத்துக்குள் புழங்கும் சொல்லை யாரும் நீதிமன்றத்தில் வைத்துப் படிக்கப் போவதில்லை. உண்மையில் அந்தப் பொருள் நமக்கு உதவுகிறது. பழுது பார்ப்பதற்காகச் சில நேரம் இன்டர்லாக்கைத் தாண்டிச் செல்ல வேண்டியிருக்கும், பைபாஸ் என்கிறார்கள். யார் கேட்டார், யார் ஒப்பினார், எப்போது பழையபடி மாட்டப்பட்டது என்று எழுத்தில் பதியாமல் அதைச் செய்யக்கூடாது. அதற்குப் 'பிணைநீக்கம்' என்று வைத்தால், ஜாமீன் மனு மாதிரியே தாளும் கையெழுத்தும் வேண்டும் என்பது படிக்கிறவருக்குத் தானாகப் புரியும். 'இடைப்பூட்டு நீக்கம்' என்றால் ஏதோ ஸ்க்ரூ கழற்றுவது போலிருக்கிறது. பிணைப்பு + ஊட்டு பிரிப்பை முற்றிலும் தவிர்க்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். முதல் இடத்தில் 'பிணை-பூட்டு' என்று கோடிட்டு எழுதிவிட்டு அப்புறம் சேர்த்து எழுதலாம்.

இடைப்பூட்டை நான் விடுவதற்கு வலுவான காரணம் வேறு. செர்னில் 2008 செப்டம்பர் 19 அன்று இரண்டு காந்தங்களுக்கு நடுவே மின் இணைப்பு ஒன்று பழுதாகி, அங்கே எழுந்த மின்பொறி ஹீலியம் அறையைத் துளைத்தது. சுமார் 6 டன் ஹீலியம் வெளியேறியது. யாருக்கும் காயமில்லை. ஆனால் 53 காந்தங்களை மேலே கொண்டுவர வேண்டியதாயிற்று. 2009 நவம்பரில்தான் கற்றை மறுபடி ஓடியது. காப்பு அமைப்பு அங்கே இல்லாமல் இல்லை. அந்த இணைப்புகளில் மெல்ல ஏறும் மின்தடையைப் பார்க்கும் கண் அதற்கு அப்போது இல்லை, பிறகுதான் சேர்த்தார்கள். ஆகவே பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்வி, எதை எதோடு பிணைத்திருக்கிறார்கள் என்பதுதான். சொல்லே அந்தக் கேள்வியைக் கேட்கத் தூண்டினால் நல்லது.

இந்த உதாரணம் ஆளைக் காப்பது பற்றியதல்ல, இயந்திரத்தைக் காப்பது பற்றியது. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர். நாம் 'ஆட்காப்புப் பிணைப்பூட்டு', 'பொறிக்காப்புப் பிணைப்பூட்டு' என்று பிரித்துக்கொள்ளலாம். பொறிக்காப்பில் மனிதனுக்கு வேலையே இல்லை. செர்ன் வளையத்தைக் கற்றை ஒருமுறை சுற்ற 89 மைக்ரோநொடிதான் ஆகும். கோளாறு தெரிந்ததும் மூன்று சுற்றுக்குள் அதை வெளியே தள்ளிவிட வேண்டும். பொத்தானை நோக்கிக் கை நகர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

சரி, வேறு எதிர்ப்பு வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். அடைப்புக்குள் 'இன்டர்லாக்' இருக்கட்டும்.

அடுத்த சொல்லும் இதோடு ஒட்டியதே. எக்ஸ்கதிர்க் கூடங்களில் கதவைச் சாத்துமுன் ஒருவர் உள்ளே போய், மூலைமுடுக்கெல்லாம் பார்த்து, ஆங்காங்கே உள்ள பொத்தான்களை அழுத்திக்கொண்டே வெளியே வருவார். அப்புறம்தான் கதவு பூட்டும், சங்கு ஊதும். ஆங்கிலத்தில் 'சர்ச்' என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். 'தேடல்' என்றால் இணையத்தில் தேடுவது போலாகிவிடுகிறது. 'ஆள் துழாவல்' என்று நான் எழுதி வைத்திருக்கிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள். உங்களிடம் என்ன இருக்கிறது?

– மண்டபத்திலிருந்து