இண்டக்‌ஷன் அடுப்பு போட்டால் பிளக் கருகுகிறது, 32 ஆம்ப் எம்.சி.பி. மாற்றலாமா?

வாடகைவீட்டான்:
தாம்பரம் பக்கம் வாடகை வீடு, பழைய கட்டடம். சிலிண்டரை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினோம். அடுப்படியில் ஒரே ஒரு பவர் பிளக், அதையும் பிரிட்ஜ் பிடித்துக்கொண்டிருக்கிறது. மேடைக்கு மேலே இருப்பதெல்லாம் சின்ன 6 ஆம்ப் பிளக். அடுப்பின் பின் தடிமனாக இருந்ததால் கடையில் கன்வர்ஷன் பிளக் ஒன்று வாங்கி அதில் மாட்டி ஓட்டுகிறோம்.

காலை அவசரத்தில் அடுப்பு, கெட்டில், மைக்ரோவேவ் மூன்றையும் போட்டால் கொஞ்ச நேரத்தில் அடுப்படியின் 16 ஆம்ப் எம்.சி.பி. (கரண்ட் அளவுக்கு மேல் போனால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. அடுப்பு மட்டும் ஓடினால் விழுவதில்லை, ஆனால் பிளக்கில் கை வைக்க முடியாத சூடு. சாக்கெட்டில் ஒரு ஓட்டையைச் சுற்றிப் பழுப்பாகிவிட்டது, கருவாடு மாதிரி ஒரு வாடை வேறு. வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், 32 ஆம்ப் எம்.சி.பி. போட்டால் விழாது, பத்து நிமிட வேலை என்கிறார். போடலாமா? வீட்டுக்காரர் சுவரை உடைக்க விடமாட்டார், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

சேலத்துக்காரன்:
எங்கள் வீட்டில் 32தான் ஓடுகிறது ப்ரோ, இதுவரை ஒன்றும் ஆகவில்லை. தைரியமாகப் போடுங்கள்.

பழைய ஒயர்மேன்:
தம்பி, போடாதீர்கள். எம்.சி.பி. இருப்பது அடுப்பைக் காப்பாற்ற அல்ல, சுவருக்குள் ஓடும் ஒயரைக் காப்பாற்ற. ஒயர் என்ன தடிமனோ அதற்கேற்ற எம்.சி.பி. வேண்டும். இரண்டரை எம்.எம். (சதுர மில்லிமீட்டரைத்தான் சுருக்கி அப்படிச் சொல்வோம்) செம்பு ஒயர் என்றால் 16 ஆம்ப், நாலு எம்.எம். என்றால் 20, வீட்டு அடுப்படிக்கு நாங்கள் போடுவது இதுதான். பழைய வீட்டில் சின்ன பிளக்குக்குப் பெரும்பாலும் ஒன்றரை, சில இடத்தில் ஒரு எம்.எம். ஒயர்தான் போயிருக்கும்.

கணக்கைப் பாருங்கள். 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்ப். கெட்டில் 1500 வாட் என்றால் 6.5. மைக்ரோவேவ் 800 வாட் என்று எழுதியிருந்தாலும் அது உணவுக்குப் போகும் அளவு, கரண்ட் இழுப்பது ஏறக்குறைய 1200 வாட், அது 5.2. மொத்தம் 20.4 ஆம்ப், பிரிட்ஜ் தனி. 16 ஆம்ப் எம்.சி.பி. விழத்தான் செய்யும், அது ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். 32 போட்டால் 36 ஆம்ப் வரை ஒரு மணி நேரம் போனாலும் விழாமல் நிற்கலாம், ஏனென்றால் எம்.சி.பி. தன் அளவைப்போல் 1.13 மடங்கைத் தாங்கும்படிதான் செய்யப்படுகிறது. அந்த ஒரு மணி நேரமும் பைப்புக்குள் ஒயர் வெந்துகொண்டிருக்கும், உங்களுக்குத் தெரியாது. சேலத்துத் தம்பி, நீங்களும் ஒரு தடவை ஒயரைப் பார்த்துவிடுங்கள்.

வாடகைவீட்டான்:
புரிகிறது அண்ணே. ஆனால் அடுப்பு மட்டும் ஓடும்போது 8.7 ஆம்ப்தானே, எம்.சி.பி.யும் விழவில்லை. அப்புறம் பிளக் ஏன் கருகுகிறது?

பழைய ஒயர்மேன்:
6 ஆம்ப் சாக்கெட்டில் 8.7 போவதே முதல் தப்பு. அதற்கு மேல், சாக்கெட்டுக்குள் பின்னைப் பிடிக்கும் பித்தளைத் தகடு தளர்ந்திருக்கும், இல்லையென்றால் பின்னால் ஸ்க்ரூ லூஸாக இருக்கும். கன்வர்ஷன் பிளக் வேறு இன்னொரு லூஸ் கனெக்‌ஷன். அந்த இடத்தில் 0.2 ஓம் தடை இருந்தாலே போதும், 15 வாட் சூடு ஒரு கடலைப் பருப்பு அளவு இடத்தில் உட்கார்ந்துவிடும், சாலிடர் இரும்பு வைத்த மாதிரி. கரண்ட் கூடவில்லை, அதனால் எம்.சி.பி.க்கு இது தெரியவே தெரியாது. விழவில்லை என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். நீங்கள் சொல்லும் கருவாட்டு வாடை பிளாஸ்டிக் வேகும் வாடை. அந்த பிளக்கை இன்றைக்கே நிறுத்துங்கள், கன்வர்ஷன் பிளக்கைக் குப்பையில் போடுங்கள்.

இப்போதைக்கு ஒரு வழி: பிரிட்ஜின் பிளக்கைப் பாருங்கள், சின்ன பின்னாக இருந்தால் அதை நல்ல நிலையில் உள்ள வேறொரு 6 ஆம்ப் பிளக்குக்கு மாற்றிவிட்டு, பவர் பிளக்கில் அடுப்பை மட்டும் மாட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு இழுக்க வேண்டாம்.

மதுரை அக்கா:
தம்பி, இடையில் ஒரு கேள்வி. எங்கள் மைக்ரோவேவை ஈரக் காலோடு தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது. கடைக்காரரைக் கேட்டால் எல்லா மைக்ரோவேவும் அப்படித்தான் என்கிறார்.

பழைய ஒயர்மேன்:
அப்படியெல்லாம் இல்லை அக்கா. எர்த் வரவில்லை. இந்த மாதிரி சாமான்களுக்குள் இருக்கும் ஃபில்டர் வழியாகக் கொஞ்சம் கரண்ட் பாடிக்கு வரும், எர்த் இருந்தால் அது அந்த வழியே போய்விடும், இல்லாவிட்டால் உங்கள் காலைத் தேடும். உள்ளே வேறு கசிவு இருந்தாலும் இப்படி இழுக்கும், அதனால் சரிபார்க்கும் வரை பிளக்கைக் கழற்றி வையுங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழி வரை பார்க்கச் சொல்லுங்கள். சில பேர் வேலை மிச்சம் என்று எர்த் பின்னை நியூட்ரலோடு, அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயரோடு, சேர்த்து முறுக்கிவிடுவார்கள், அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் மைக்ரோவேவ் பாடி முழுக்க 230 வோல்ட் நிற்கும். கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. இல்லாவிட்டால் அதையும் போட்டுவிடுங்கள்.

வாடகைவீட்டான்:
வேறொரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மெயினை ஆஃப் பண்ணி சாக்கெட்டைக் கழற்றினோம். நீங்கள் சொன்னதுதான் அண்ணே, பேஸ் ஒயரை (கரண்ட் வரும் ஒயர்) பிடிக்கும் ஸ்க்ரூ கையாலேயே சுற்றியது, ஒயர் நுனி இன்சுலேஷன் ஒரு விரல் நீளத்துக்குக் கருகிக் கிடந்தது. ஒன்றரை எம்.எம். ஒயர், அதுவும் ஹால் லைட் பாக்ஸிலிருந்து லூப் எடுத்தது, அதாவது கிளையாக இழுத்தது. வீட்டுக்காரரிடம் கருகின சாக்கெட்டைக் காட்டினேன், சுவரை உடைக்காமல் வெளியே கேசிங் பட்டி அடித்து எம்.சி.பி.க்கள் இருக்கும் டி.பி. பாக்ஸிலிருந்து தனி லைன் இழுக்கச் சம்மதித்துவிட்டார், பாதிக் காசும் தருகிறாராம். நாலு எம்.எம். ஒயர், 20 ஆம்ப் எம்.சி.பி., ரெண்டு 16 ஆம்ப் பிளக் என்று பேசியிருக்கிறோம். அதில் அடுப்பையும் கெட்டிலையும் ஒன்றாகப் போடலாமா?

பழைய ஒயர்மேன்:
போடலாம், 15.2 ஆம்ப்தான் வருகிறது. மைக்ரோவேவை அதில் சேர்க்காதீர்கள், அடுப்பு போனதும் காலியாகும் பழைய பவர் பிளக்கில் அதை மாட்டுங்கள். சாக்கெட்டை அடுப்புக்கு நேர் மேலே வைக்க விடாதீர்கள், ஆவி ஏறும், சிங்க்கிலிருந்தும் தள்ளி இருக்கட்டும். எர்த் ஒயர் பச்சையில் டி.பி. வரை வந்திருக்கிறதா என்று மூடுவதற்கு முன்னால் நீங்களே பாருங்கள். அப்புறம், அடுப்பை அணைத்ததும் சுவிட்சை உடனே தட்டாமல் உள்ளே ஃபேன் நிற்கும்வரை விடுங்கள்.

சேலத்துக்காரன்:
அண்ணே, கழற்றிப் பார்த்தேன், எங்கள் வீட்டிலும் இரண்டரை எம்.எம். ஒயர்தான். 16 வாங்கப் போகிறேன்.