குளிசை வீட்டுக்கு வருது, பிள்ளையின்ரை வயித்துக்குப் போகேல்லை

கேள்வி (மாதர்சங்கம்_கிழக்கு):
யாழ்ப்பாண மாவட்டத்து மருதங்கேணிப் பக்கம் 17 வயசுப் பிள்ளைத்தாச்சி ஒராள், இப்ப 16 கிழமை. 11ஆம் கிழமை கிளினிக்கில பதியேக்கை நிறை 39 கிலோ, உயரம் 150 செ.மீ. ஹீமோகுளோபின் 9.8 கிராம். இரும்புச்சத்துக் குளிசை சத்தி வரப்பண்ணுது எண்டு நிப்பாட்டிட்டா. "அதைக் குடிச்சால் பிள்ளை பெருத்திடும், பிறகு சீசர்தான்" எண்டு தாயும் சொல்லுறா. கிளினிக்கில தாற திரிபோஷாச் சத்துமாவை வீட்டில எல்லாரும் சாப்பிடீனம். எங்க இருந்து தொடங்கிறது?

மருந்துப்பெட்டி:
குளிசையில இருந்துதான். காலமை வெறும் வயித்தில போட்டால் சத்தி வரும். இரவுச் சாப்பாடு முடிஞ்சு, படுக்கப்போகேக்கை, தேசிக்காய்த் தண்ணியோடை போடச் சொல்லுங்கோ. கிளினிக்கில தாற விற்றமின் சீக் குளிசையும் அதோடைதான். கல்சியம் குளிசையை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தள்ளி வையுங்கோ. ரெண்டையும் ஒண்டாப் போட்டால் கல்சியம் இரும்பை உறிஞ்ச விடாது. தேத்தண்ணியும் அப்பிடித்தான், குளிசைக்கும் சாப்பாட்டுக்கும் முன்பின் ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி வேண்டாம். எங்கட வீடுகளில சோறு முடிஞ்ச கையோடை பிளேன்ரீ, அங்கதான் பாதி இரும்பு போகுது.

மலம் கறுப்பாப் போகும், அது குளிசையாலை, பயமில்லை எண்டு முதலே சொல்லிவிடவேணும். சொல்லாட்டி ரெண்டாம் நாளே நிப்பாட்டிடுவினம். 9.8 எண்டபடியால் அளவைக் கூட்டிறதோ எண்டதை டொக்டர்தான் தீர்மானிக்கவேணும், நீங்களா ரெட்டிக்கவேண்டாம். ஒழுங்காக் குடிச்சும் நாலு கிழமையில ஹீமோகுளோபின் 1 கிராம் எண்டாலும் ஏறாட்டி, பூச்சிமருந்து குடுத்ததோ, தலசீமியா எண்ட பரம்பரை இரத்த நோய்க்குப் பரிசோதனை தேவையோ எண்டு கிளினிக்கில கேளுங்கோ.

தாய்க்குச் சொல்லவேண்டியது: இரும்பு பிள்ளையைப் பெருப்பிக்காது. இந்த வயசில இடுப்பெலும்பு முழுசா வளர்ந்திருக்காது எண்ட பயம் நியாயம்தான், ஆனால் பட்டினி போட்டால் பிரசவம் லேசாகாது. 2.5 கிலோவுக்குக் குறைஞ்ச பிள்ளை பிறக்கிற ஆபத்துத்தான் கூடும். இரத்தம் குறைஞ்ச தாய்க்குப் பிரசவத்தில சாதாரண இரத்தப்போக்கும் ஆபத்து.

குரக்கன்கூழ்:
39 கிலோ, 150 செ.மீ. எண்டால் உடற்திணிவுச் சுட்டெண் (உயரத்துக்கு நிறை போதுமோ எண்டு காட்டிற கணக்கு) 17.3. அது 18.5க்குக் கீழ, நிறை குறைவு, ஆனபடியால் முழுக் கர்ப்பத்திலும் 12.5 முதல் 18 கிலோ ஏறவேணும். இனி கிழமைக்கு அரைக் கிலோ அளவில. பிள்ளைத்தாச்சியும் இன்னும் வளருற பிள்ளை, அவவும் வயித்துப் பிள்ளையும் ஒரே கோப்பையில பங்குபோடீனம்.

திரிபோஷா மாதத்துக்கு 750 கிராம் பக்கற் ரெண்டு. நாளைக்கு 50 கிராம் எண்டு கணக்குப் பார்த்தால் சரியா 30 நாள். நாலு பேருக்குப் பிரிச்சால் ஒரு கிழமையிலயே முடியும். வீட்டாரோடை சண்டை பிடிக்காமல், அவவின்ரை பங்கைத் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருண்டையாப் பிடிச்சு வேறை டப்பாவில வைக்கச் சொல்லுங்கோ, சமைக்கவே தேவையில்லை. பக்கற் வராத மாதம் வறுத்த குரக்கன் மா ரெண்டு பங்கு, வறுத்த பயத்தம் மா ஒரு பங்கு, எள்ளு அரைப் பங்கு.

சூடை, கீரி, நெத்தலி எண்ட சின்ன மீனுகள் உங்கட கரையிலயே மலிவு, முள்ளோடை திண்டால் கல்சியமும் வரும். முருங்கையிலை வறைக்குத் தேசிக்காய் பிழிஞ்சு விடுங்கோ.

மாதர்சங்கம்_கிழக்கு:
சுறா நல்லம் எண்டு குடுக்கீனம். சரியோ? பப்பாசியைத் தொட விடீனமில்லை.

குரக்கன்கூழ்:
சுறா வேண்டாம், பெரிய மீனில பாதரசம் எண்ட நச்சு உலோகம் கூடச் சேரும். காய்ப் பப்பாசிதான் விலக்கு, நல்லாப் பழுத்ததைச் சாப்பிடலாம்.

தீவார்:
வெக்கத்தாலை கிளினிக் விடுற பிள்ளைக்கு மிஸ்ஸி (குடும்பநல மருத்துவமாது) வீட்டுக்கு வருவா. கர்ப்பவதிப் பதிவேடு அவவிட்டையும் இருக்கு, ஒரு தவணை விடுபட்டால் அவவிட்டைச் சொல்லுங்கோ. 16 நிரம்பாத பிள்ளையளின்ரை குடும்பங்கள் பொலிசுக்குப் பயந்து ஒளிச்சு வைக்கிறதாலைதான் முதல் பரிசோதனையே பிந்துது. சட்டம் தன்ரை வழியில போகும், வைத்தியம் அதுக்காக நிக்காது. அப்பிடியான இடத்தில சிறுவர் பாதுகாப்பு உதவி இலக்கம் 1929க்கு அடிக்கலாம்.

இளவயசில குருதியமுக்கம் ஏறி வலிப்பு வாற ஆபத்துக் கூட. கடும் தலையிடி, கண் மங்கல், நெஞ்சுக்குழி நோ, முகமும் கையும் வீங்கிறது எண்டால் விடியும் வரை பார்க்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ. கடலுக்கு அங்கால நெடுந்தீவில எண்டால் அந்த 1990 வாகனம் கடல் தாண்டாது, குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகு வேணும். ஆனபடியால் அங்கத்தையப் பிள்ளைத்தாச்சியள் நாள் கிட்ட முதலே யாழ்ப்பாணத்தில சொந்தக்காரர் வீட்டில வந்து நிக்கிறதுதான் சரி.