புதிய சாட்நாவ்: நெடும்பயணத்துக்கு முன் எதையெல்லாம் பழக வேண்டும்?

கிழக்குவாசல் (ஈஸ்ட்ஹாம்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். அண்மையில்தான் பிரித்தானிய ஓட்டுநர் தேர்வில் தேறினேன். உரிமம் பெற்ற முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் 6 தண்டப் புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் பறிபோகும் என்பதும், ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் எடுத்தாலே அந்த 6 புள்ளிகளும் ஒரேயடியாக விழும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. ஆகவே கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, காருக்கென்று தனியாக ஒரு சாட்நாவ் (செயற்கைக்கோள் சமிக்ஞையைக் கொண்டு வழிகாட்டும் கருவி) வாங்கினோம். தேர்விலும் சாட்நாவைப் பின்பற்றி ஓட்டினேன் என்றாலும், அங்கே அதைப் பொருத்தியவரும் வழியை அமைத்தவரும் தேர்வாளர்தான். எனக்கு ஓட்டுவது மட்டுமே வேலையாக இருந்தது.

இப்போது மூன்று இடங்களில் தடுமாறுகிறேன். பெட்டியைப் பிரித்து முதன்முதலாக இயக்கியபோது, தான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க அது வெகுநேரம் எடுத்துக்கொண்டது. லூயிஷம் சிவன் கோயிலுக்குப் போகும்போது, தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் செல்லும் சில்வர்டவுன் சுரங்கப்பாதையை அது அறிந்ததாகவே காட்டிக்கொள்வதில்லை. பெரிய சுற்றுவட்டங்களில் "மூன்றாவது வெளிவழி" என்று அது சொல்லும்போது நான் தவறான தடத்தில் நிற்கிறேன். அடுத்த மாதம் வேல்ஸின் கார்மார்தன்ஷயரில் உள்ள ஸ்கந்தவேல் முருகன் கோயிலுக்குக் குடும்பத்தோடு போக எண்ணியிருக்கிறோம். அதற்குள் எதையெல்லாம் பழகிக்கொள்ள வேண்டும்?

தேம்ஸ்கரை:

வாழ்த்துகள், சகோதரி. உங்கள் மூன்று சிக்கல்களில் முதலிரண்டும் கருவியின் பழுதல்ல.

செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் தன் சுற்றுப்பாதை விவரத்தை 30 வினாடிகளுக்கு ஒரு முறை ஒலிபரப்புகிறது. எல்லாச் செயற்கைக்கோள்களும் தோராயமாக எங்கே இருக்கின்றன என்ற பொதுப் பட்டியல் முழுவதையும் பெற்று முடிக்கப் பன்னிரண்டரை நிமிடங்கள் ஆகும். கடையில் நெடுநாள் கிடந்த கருவியிடம் இவற்றில் எதுவும் நடப்பில் இருக்காது என்பதால், முதல் முறை திறந்த வானத்தின் கீழ் காரை நிறுத்திவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்தால்தான் அதனால் உங்கள் இருப்பிடத்தைச் சரியாகக் கணிக்க முடியும். அதன் பிறகும் நாள்தோறும் இதே தாமதம் தொடர்ந்தால் முன்கண்ணாடியைச் சந்தேகியுங்கள். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு இட்ட கண்ணாடிகள் சமிக்ஞையையும் தடுப்பதுண்டு. அத்தகைய கார்கள் பலவற்றில் பின்பார்வைக் கண்ணாடிக்கு அருகே பூச்சில்லாத சிறு பகுதியை விட்டிருப்பார்கள்.

சில்வர்டவுன் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது 2025 ஏப்ரல் 7 அன்று. அதற்கு முந்தைய வரைபடத்தோடு தொழிற்சாலையை விட்டு வந்த கருவிக்கு அப்படியொரு பாதை இருப்பது எப்படித் தெரியும்? புதிதாக வாங்கிய கருவி என்பதால் வரைபடமும் புதிதாகத்தான் இருக்கும் என்று நம்மில் பலர் எண்ணிவிடுகிறோம். முதல் வேலையாக அதைக் கணினியுடனோ வீட்டு வைஃபையுடனோ இணைத்து வரைபடத்தைப் புதுப்பியுங்கள். கோப்பு பெரிதாக இருக்கும் என்பதால் புறப்படும் காலையில் அல்லாமல், முந்தைய நாள் இரவே தொடங்குவது நல்லது.

புதுப்பித்த பின்னரும் சுரங்கத்துக்குள் சமிக்ஞை கிடைக்காது. உங்கள் கடைசி வேகத்தை வைத்து அது ஊகித்துக்கொண்டே வரும். தென்கரையில் பிளாக்வால், சில்வர்டவுன் ஆகிய இரண்டு சுரங்கங்களுக்கும் அணுகுசாலை ஒன்றே ஆகையால், எதற்குள் நுழைவது என்பதைத் தலைக்கு மேலுள்ள பலகையைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

பயிற்றுநர்:

ஓட்டுநர் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் சுற்றுவட்டங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மாணவர்கள் பெரும்பாலோர் வெளிவழிகளை எண்ணத் தொடங்குவதால்தான் குழம்புகிறார்கள். ஒரு பெட்ரோல் நிலையத்தின் வாயிலை வெளிவழியாகக் கொள்வதா வேண்டாமா என்பதில் நீங்களும் கருவியும் ஒத்துப்போகாவிட்டால் எண்ணிக்கை முழுவதும் பிசகிவிடும். ஆகவே எண்ணிக்கையை விட்டுவிட்டு, திரையின் மேற்பகுதியில் தோன்றும் சாலை எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏ13 என்று திரை காட்டினால், சுற்றுவட்டத்துக்கு முன்னுள்ள பலகையிலும் தரையிலும் ஏ13 எந்தத் தடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். தடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியது பலகையைக் கண்டு. குரல் அதை உறுதிசெய்தால் போதும். அப்படியும் தவறான தடத்தில் சிக்கிக்கொண்டால் அந்தத் தடம் போகும் வழியிலேயே போய்விடுங்கள். கருவி சலிக்காமல் வேறு வழி கணித்துத் தரும். வழி தவறுவது தேர்விலேயே குற்றமாகக் கருதப்படுவதில்லை, மற்றவர்களுக்கு இடையூறாகத் திடீரென்று தடம் மாறுவதுதான் குற்றம்.

குரல் தேர்வில் ஒரு நுட்பம் உண்டு. சில கருவிகளில் மனிதர் பேசிப் பதிவு செய்த குரலும், எழுத்தைப் பேச்சாக்கும் குரலும் இருக்கும். இரண்டாவது கொஞ்சம் இயந்திரத்தனமாக ஒலித்தாலும் சாலைப் பெயரையும் எண்ணையும் சொல்லும் என்பதால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

திரையில் தெரியும் வேகம் உங்கள் வேகமானியைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதைக் கண்டு கலங்க வேண்டாம். வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டச் சட்டம் இடம் தருவதில்லை. ஓரளவு கூட்டிக் காட்ட இடம் தருகிறது.

கிழக்குவாசல்:

இருவருக்கும் மிக்க நன்றி. வரைபடம் இப்போது இறங்கிக்கொண்டிருக்கிறது. அமைப்புகளில் "கட்டணச் சாலைகளைத் தவிர்" என்பது ஏற்கெனவே தேர்வாகியிருக்கிறது. பணம் மிச்சம் என்று அப்படியே விட்டுவிடலாமா?

மேற்குநெடுஞ்சாலை:

விட வேண்டாம் என்பது என் கருத்து. சில்வர்டவுன் திறந்த அதே நாளிலிருந்து பிளாக்வாலுக்கும் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கட்டணம் வந்துவிட்டது. வரைபடத்தைப் புதுப்பித்தபின் அந்தத் தேர்வும் இருந்தால், லூயிஷம் போகும் உங்களை அது வூலிச் இலவசப் படகுத்துறை வரிசையிலோ, ஒடுங்கிய ரோதர்ஹித் சுரங்கத்திலோ கொண்டுபோய் நிறுத்தக்கூடும். அதை நீக்கிவிட்டு, வழியைக் கணித்த பின் முழு வரைபடமாகப் பார்த்து, கட்டணம் தகுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். வேல்ஸ் பயணத்துக்கு அந்தத் தேர்வே தேவையில்லை. இங்கிலாந்திலிருந்து வேல்ஸுக்குள் நுழையும் செவர்ன் பாலங்களின் கட்டணம் 2018 டிசம்பரிலேயே நீக்கப்பட்டுவிட்டது. அதை அறியாத பழைய வரைபடம் உங்களை குளோஸ்டர் வழியாகச் சுற்ற விடும்.

வேல்ஸில் 2023 செப்டம்பர் 17 முதல் குடியிருப்புப் பகுதிச் சாலைகளின் பொது வேக வரம்பு 30 மைலிலிருந்து 20 மைலாகக் குறைந்தது. திரை எதைக் காட்டினாலும் சாலையோரப் பலகைக்கே கட்டுப்படுங்கள்.

சேருமிடமாக நீங்கள் கருவியில் பதியும் போஸ்ட்கோடை (அஞ்சல் குறியீட்டை)ப் பற்றியும் ஒரு சொல். ஒரு போஸ்ட்கோடு சராசரியாகப் பதினைந்து முகவரிகளைக் குறிக்கும். ஈஸ்ட்ஹாமில் அது தெருவின் ஒரு துண்டு. கார்மார்தன்ஷயரில் அது ஒரு பள்ளத்தாக்காகவே இருக்கலாம். மேலும், விளக்கில்லாத ஒற்றைத்தடக் கிராமப் பாதைக்கும் சட்டப்படி 60 மைல் வரம்பு இருக்கக்கூடும் என்பதால், சில கருவிகள் அதைக் குறுக்குவழியாகக் கணக்கிட்டு, எதிரே டிராக்டர் வந்தால் பின்னோக்கி ஓட்ட வேண்டிய சந்துகளில் கொண்டுவிடும். புதிதாக ஓட்டுபவர்களுக்கு அது தேவையற்ற சோதனை. "மிக விரைவான வழி" என்ற தேர்வை வைத்துக்கொண்டு, எம்4 நெடுஞ்சாலை முடியும் 49ஆம் சந்திப்பில் உள்ள பான்ட் ஏப்ரஹாம் ஓய்விடத்தை இடைநிறுத்தமாகச் சேர்த்துவிடுங்கள். அங்கே தேநீர் குடித்தபின், கார்மார்தன் நகர் வரை ஏ48, அதன் பிறகு எந்தச் சாலை என்று, கோயிலில் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்த குறிப்போடு திரையில் உள்ள வழியை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் புறப்படலாம்.