ஷிம்மி என்பதற்கு ‘உதறல்’

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நம் தமிழ்ச் சொற்பட்டியலில் ‘ஷிம்மி’ (shimmy, முன்சக்கரங்கள் தாமே இடமும் வலமுமாக வீசி ஸ்டியரிங்கை ஆட்டும் கோளாறு) என்பதற்குத் ‘திசைமாற்றி அதிர்வு’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்து மேலோங்கி வருகிறது. பெங்களூரில் பழைய மாருதி ஜிப்ஸிகளையும் ஜீப்புகளையும் செப்பனிடும் தமிழ் மெக்கானிக்குகளோடு நெருங்கிப் பழகுபவன் என்ற முறையில், இச்சொல் இரு வேறு கோளாறுகளை ஒன்றாகக் குழப்பிவிடும் என்று அஞ்சுகிறேன்.

ரிம் கோணியிருந்தாலோ, சக்கரத்தின் எடைச் சமநிலைக்காக ரிம்மில் பொருத்தும் பேலன்சிங் எடை கழன்று விழுந்திருந்தாலோ, ரிம்மின் உட்புறத்தில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தாலோ, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் அதிரும். அந்த வேகத்தைத் தாண்டினாலும் குறைத்தாலும் பெரும்பாலும் அடங்கிவிடும். இதற்கு ‘அதிர்வு’ என்பது முற்றிலும் பொருத்தமே.

ஷிம்மி அப்படிப்பட்டதன்று. சாலைப் பள்ளம் ஒரு சக்கரத்தைத் தூக்கிப்போட்டதும் முன்சக்கரங்கள் இரண்டும், அவை திரும்புவதற்கான முளையாகிய கிங்பின்னைச் சுற்றி இடமும் வலமுமாக வீசத் தொடங்குகின்றன. பள்ளத்தைக் கடந்து சமமான சாலைக்கு வந்த பிறகும், வண்டியின் ஓட்டமே அவ்வீச்சுக்கு ஆற்றலை ஊட்டிக்கொண்டிருப்பதால், வேகத்தை வெகுவாகக் குறைக்கும் வரை அது நிற்பதில்லை. ஜிப்ஸி போன்ற வண்டிகளில் இரு முன்சக்கரங்களும் ஒரே அச்சில் பிணைந்திருப்பதால், ஒன்று மேலே எழும்பினால் மற்றதும் சேர்ந்து சாய்கிறது. சுழலும் பம்பரத்தை ஒரு பக்கம் தள்ளினால் அது வேறு பக்கம் திரும்புவதைப் போல, சாயும் சக்கரமும் திரும்ப முற்படுகிறது. கிங்பின் பேரிங்கிலோ, இரு சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் டை ராட் தண்டின் முனையிலோ, லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்) புஷ்ஷிலோ தளர்வு இருந்தால் அந்தத் திருப்பத்தைத் தடுக்க ஆளில்லை. லீஃப் ஸ்பிரிங்கின் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாகப் போட்டு வண்டியை உயர்த்தியதால் கேஸ்டர் கோணம் (கிங்பின்னின் முன்பின் சாய்வு) மாறியிருப்பதும் காரணமாகலாம்.

இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் என்ன நேரும் என்பதை பெங்களூர் ஜே.சி. சாலையின் உதிரிபாகக் கடைகளில் பார்க்கலாம். ‘அதிருது’ என்று சொல்லி வருபவர் பேலன்சிங் செய்துகொள்கிறார். அது பலிக்காதபோது ஸ்டியரிங்கின் ஆட்டத்தைத் தணிக்கும் புதிய டேம்பர் வாங்கி மாட்டுகிறார். டேம்பர் வீச்சைச் சில காலம் மறைக்கிறது, தேய்மானமோ உள்ளே தொடர்கிறது. அவருக்குத் தேவைப்பட்டது எளிய சோதனை ஒன்றுதான். முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து உள்ளும் வெளியுமாக அசைத்தால், தளர்வு ‘டக் டக்’ என்று கைக்கே தெரியும். அப்போது உடனிருப்பவர் பிரேக்கை அழுத்தி மிதிக்க வேண்டும். தளர்வு மறைந்தால் குற்றம் சக்கர பேரிங்கில். மறையாமல் இருந்தால் கிங்பின்னில். பிரேக் பிடித்ததும் சக்கரம் பொருந்தும் ஹப்பும், அதைத் தாங்கிக் கிங்பின்னில் திரும்பும் நக்கிளும் ஒன்றாக இறுகிவிடுவதே இதன் சூட்சுமம். கிங்பின் என்று தெரிந்தால், பேரிங்கை மாற்றி ஷிம் எனும் மெல்லிய தகடுகளால் இறுக்கத்தைச் சரிசெய்ய வேண்டும்.

ஆகவே ஷிம்மிக்கு ‘உதறல்’ என்பதை முன்மொழிகிறேன். பட்டறைகளில் ‘ஷேக்’, ‘வாப்ளிங்’ என்பவையே மிகுதியாகப் புழங்கினாலும், ‘ஸ்டியரிங் உதறுதுங்க’ என்றால் விளக்கம் கேட்காமல் புரிந்துகொள்கிறார்கள். குளிரிலும் அச்சத்திலும் ‘உதறல் எடுக்கிறது’ என்கிறோம். ஒன்று தூண்ட, பிறகு கட்டுக்கு அடங்காமல் தானே தொடரும் நடுக்கத்தை அவ்வழக்கு ஏற்கெனவே சுமந்திருக்கிறது. ‘உதறித் தள்ளுதல்’ என்ற பொருளோடு மயங்கும் என்று சிலர் எழுதியிருந்தனர். அது செயப்படுபொருள் ஏற்கும் வழக்கு. ‘சக்கரம் உதறுகிறது’ என்னும்போது அம்மயக்கத்துக்கு இடமில்லை.

விமானங்களின் மூக்குச் சக்கரத்திலும் இதே நிகழ்வு உண்டு என்பதால், சொல் ஜீப்போடு நின்றுவிடக் கூடாது. ‘மூக்குச் சக்கர உதறல்’, ‘உதறல் தணிப்பான்’ ஆகிய இரண்டும் தடங்கலின்றி அமைகின்றன. ஆங்கில ‘டெத் வாபிள்’ என்பதைத் தழுவிய ‘மரண ஆட்டம்’ என்ற முன்மொழிவை நான் ஆதரிக்கவில்லை. அது நிகழ்வின் தன்மையைச் சொல்லாமல் அச்சத்தை மட்டுமே சொல்கிறது. மிகத் தீவிரமான நிலைக்குக் ‘கடும் உதறல்’ போதும்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் மிதியில் உணரப்படுவது இவ்விரண்டிலும் சேராது. டிஸ்க்கின் தடிமன் சீரற்றுப் போவதால் வரும் அதற்குப் ‘பிரேக் துடிப்பு’ என்று தனிப் பதிவு வேண்டும். அதிர்வு, உதறல், துடிப்பு ஆகிய மூன்றையும் தனித்தனி விளக்கங்களோடு சொற்பட்டியலில் சேர்க்குமாறு தொகுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.